மெட்ரோவுக்குள் ஒரு தாய்

பாரிஸின் பழைய சுரங்க ரயில் நிலையங்கள் பலவற்றின் வாசலில் இரண்டு இரும்புத் தண்டுகள், செடி முளைத்து எழுவதுபோல வளைந்து நிற்கும். நுனியில், மொட்டு விரியவேண்டிய இடத்தில், செம்மஞ்சள் விளக்கு. தண்டுகளுக்கு நடுவே ஒரு பெயர்ப்பலகை. எக்தர் கிமார் என்ற கட்டடக் கலைஞர் 1900இல் வடிவமைக்கத் தொடங்கிய வாசல்கள் இவை. பொருள் வெறும் வார்ப்பிரும்புதான். மேலே பூசிய பச்சை, களிம்பேறிய செம்பு என்று கண்ணை நம்பவைக்கும். பலகையில் உள்ள எழுத்துகளையும் கிமாரே வரைந்தார். தண்டு எப்படி வளைகிறதோ அந்த வளைவே எழுத்துக்குள்ளும் ஓடும். இத்தனை அலங்காரமும் சேர்ந்து தாங்கி நிற்பது ஒரே ஒரு சொல்லை: மெத்ரோபொலித்தேன். பிரெஞ்சில் 13 எழுத்து.

அந்தச் சொல்லை முழுதாக உச்சரித்துக்கொண்டு அந்தப் படிகளில் இறங்குகிற பாரிஸ்வாசி இன்று இல்லை. பலகை நீட்டிச் சொல்வதை நாக்கு இரண்டே அசையில் முடித்துவிடுகிறது: மெத்ரோ. நமக்கு அது மெட்ரோ. இந்தச் சின்னச் சொல் வழியில் எதையெல்லாம் இறக்கிவைத்தது, எதை மட்டும் கையோடு கொண்டுவந்தது என்று பார்க்கப் பார்க்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

முழுப் பெயரிலிருந்து தொடங்கவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் ரயில்பாதையை 'இரும்பு வழி' என்பார்கள். பாரிஸ் நகரத்துக்காக அமைந்தது 'மெத்ரோபொலித்தேன் இரும்பு வழி', அதாவது பெருநகர இரும்பு வழி. 'மெத்ரோபொலித்தேன்' இங்கே வெறும் பெயரடை. 'வழி' என்ற பெயருக்கு முட்டுக்கொடுக்க வந்தது. முதல் வெட்டில் அந்தப் பெயரே விழுந்தது. இரும்பும் போயிற்று, வழியும் போயிற்று. கிமாரின் பலகை எழுதப்பட்ட நாளிலேயே ரயிலைக் குறிக்கும் சொல் அதில் இல்லை. முட்டுக்கொடுக்க வந்த பெயரடை தானே பெயராக நிமிர்ந்து நின்றுவிட்டது. நம் பேச்சிலும் இது நடப்பதுதான். 'எக்ஸ்பிரஸ் வந்துடுச்சா?' என்றால் ரயில் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது வெட்டுதான் அழகு. 'பொலித்தேன்' கழன்று விழ, 'மெத்ரோ' மிஞ்சியது. பிரெஞ்சு நாக்குக்கு நீண்ட சொல்லை ஓகாரத்தில் நிறுத்துவதில் தனிப் பிரியம் உண்டு. மிதிவண்டிக்கு வெலோசிபேத் என்றிருந்த பெயர் வெலோ ஆனது. ஃபோட்டோகிராஃபி ஃபோட்டோ ஆனது. ஊற்றுப்பேனாவின் ஸ்தீலோகிராஃப் வெறும் ஸ்தீலோ ஆனது. அந்த வரிசையில்தான் மெத்ரோவும் நிற்கிறது. பொருளைப் பார்த்து வெட்டிய வெட்டு இல்லை; ஓசை சுகமாக நிற்கிற இடம் பார்த்து வெட்டியது. ஆனாலும் கத்தி விழுந்த இடத்தைப் பாருங்கள்.

மெத்ரோபொலித்தேனுக்கு மூலம் கிரேக்கச் சொல்லான மேத்ரோபொலிஸ். மேத்தேர் என்றால் தாய். பொலிஸ் என்றால் நகரம். தாய்நகரம். 'பொலித்தேன்' என்று வெட்டுப்பட்டு விழுந்த துண்டில்தான் நகரம் இருந்தது. அப்படியானால் மெட்ரோ என்ற சொல்லில் இன்று ரயில் இல்லை, தண்டவாளம் இல்லை, சுரங்கம் எப்போதுமே இல்லை, நகரமும் இல்லை. தாய் மட்டும் இருக்கிறாள்.

தாயோடு ஒட்டிக்கொண்டு ஓர் ஓகாரமும் இருக்கிறது. அது யாருடையது? தாய்க்கும் சொந்தமில்லை, நகரத்துக்கும் சொந்தமில்லை. கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் கூடும்போது இடையில் வந்து இணைக்கிற உயிர் அது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதைச் சட்டென்று பிடிபடச் சொல்லிவிடலாம்: அது ஒரு சாரியை. புளியும் காயும் சேரும்போது நடுவில் 'அம்' வந்து புளியங்காய் ஆகிறதல்லவா, அந்த 'அம்' செய்கிற வேலையைத்தான் மேத்ரோபொலிஸில் அந்த ஓகாரம் செய்கிறது. இப்போது காயை எடுத்துவிட்டுப் 'புளியம்' என்று மட்டும் சொன்னால் எப்படி இருக்கும்? இன்னொன்றைப் பற்றிக்கொள்ள நீட்டிய கை அந்தரத்தில் நிற்பதுபோல இருக்கும். மெட்ரோ அப்படித்தான் நிற்கிறது. தாயும் நீட்டிய ஒரு கையும். அதன் மறுமுனையில் எந்த நகரம் வேண்டுமானாலும் வந்து பற்றிக்கொள்ளலாம். பற்றிக்கொண்டும் இருக்கின்றன: மத்ரித், மாஸ்கோ, டெல்லி, சென்னை.

உதிர்ந்த சொற்கள் தடயம் இல்லாமல் போய்விடவும் இல்லை. பிரெஞ்சில் 'வழி' ஆண்பால். அதனால் அதன் பெயரடையாக வந்த மெத்ரோவும் ஆண்பால். இத்தாலியில் ரயில்பாதைக்கான சொல் பெண்பால். ஆகவே அங்கே 'லா மெத்ரோ' என்று பெண்ணாகச் சொல்கிறார்கள். பாதை என்ற சொல் மறைந்து வெகுகாலம் ஆகியும் அதன் பால் மட்டும் பின்தங்கி நிற்கிறது. இத்தாலிய மொழிக்கு இதில் ஒரு லாபமும் கிடைத்தது. அங்கே நீளத்தை அளக்கிற மீட்டருக்கும் 'மெத்ரோ' என்றுதான் பெயர். அது ஆண்பால், 'இல் மெத்ரோ'. முன்னால் வரும் ஒரு சிறு அடைசொல்தான், நீங்கள் ஒரு மீட்டர் துணியைச் சொல்கிறீர்களா, மிலான் நகரத்துச் சுரங்க ரயிலைச் சொல்கிறீர்களா என்று பிரித்துக்காட்டுகிறது. ஸ்பானிய மொழிக்கு அந்த வசதி இல்லை. இரண்டும் 'எல் மெத்ரோ'.

ரயிலுக்கு 'மெத்ரோபொலித்தேன்' என்ற பெயரடை பாரிஸில் பிறந்ததல்ல, லண்டனிலிருந்து போனது. 1863 ஜனவரி 10ஆம் தேதி, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை ஏறக்குறைய 6 கிலோமீட்டர் தூரத்துக்கு உலகின் முதல் சுரங்க ரயில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டது. முதல் நாளில் 38,000 பேர் பயணம் செய்தார்கள். சாலையைத் தோண்டி, பாதை போட்டு, மேலே வளைவு கட்டி மூடிய சுரங்கம் அது. உள்ளே ஓடியது நீராவி இன்ஜின். பெட்டிகளில் எரிவாயு விளக்கு. இப்படி ஒரு ரயில் வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் வாதாடிய சார்லஸ் பியர்சன், லண்டன் சிட்டி நிர்வாகத்தின் வழக்கறிஞர், அது ஓடுவதைப் பார்க்கவில்லை; 1862 செப்டம்பரில் காலமானார்.

அந்த ரயிலை அமைத்த கம்பெனி 1853இல் தொடங்கியபோது வைத்த பெயர் 'பேஸ்வாட்டர், பாடிங்டன், ஹோல்பர்ன் பிரிட்ஜ் ரயில்வே'. மூன்று இடப்பெயர்களைக் கயிற்றில் கோத்த பெயர். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டன: எங்கிருந்து எங்கே என்று சொல்லிவிட்டால் போதும். அடுத்த ஆண்டிலேயே அது 'மெட்ரோபாலிட்டன் ரயில்வே' ஆனது. இந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. எந்த ஊருக்குப் போகிறது என்று சொல்வதை விட்டுவிட்டு, எந்த ஊருடையது என்று சொல்லத் தொடங்கிய கணம் அது. முதல் பெயரை வைத்தே ஓட்டியிருந்தால், இன்று உலகம் இந்த ரயில்களை என்னவென்று கூப்பிட்டிருக்கும்?

லண்டனில் அந்தச் சொல்லுக்கு அப்போது ஒரு நிர்வாக வேலையும் இருந்தது. 'சிட்டி ஆஃப் லண்டன்' என்பது பழைய கோட்டைச் சுவருக்குள் இருந்த ஒரு சிறு பகுதி. தனி நிர்வாகம், தனி உரிமைகள் கொண்டது. அதைத் தாண்டிப் பரந்துகிடந்த பெரிய லண்டனை என்னவென்று சொல்வது? லண்டன் என்றால் சிட்டி என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே 'மெட்ரோபோலிஸ்' என்றார்கள். 1829இல் வந்த காவல்துறை மெட்ரோபாலிட்டன் போலீஸ். 1855இல் சாக்கடைக்கும் சாலைக்கும் வந்த வாரியம் மெட்ரோபாலிட்டன் வாரியம். ரயிலும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. தாய் என்ற பொருளை அப்போது யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். அலுவலகத் தாளில் உட்கார்ந்திருக்கும் சொற்களுக்கு அந்தக் கதிதான் வாய்க்கும்.

வினோதம் என்னவென்றால், அந்தப் பெயரை உலகுக்குக் கொடுத்த லண்டன் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. 1890இல் ஆழத்தில் வட்டக் குழாய்போலத் துளைத்த சுரங்கத்தில் மின்சார ரயில் வந்தது. 1900இல் வந்த இன்னொரு ரயிலில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் 2 பென்னி. மக்கள் அதை '2 பென்னி டியூப்' என்று செல்லமாக அழைக்க, டியூப் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1908இல் கம்பெனிகள் கூடி 'அண்டர்கிரவுண்ட்' என்று பொதுப் பலகை மாட்டின. மெட்ரோபாலிட்டன் ரயில்வே மட்டும் தன் பெயரின்மேல் பாசமாகவே இருந்தது. தன் பாதையோரத்துப் புறநகர் மனைகளை விற்க 1915இல் 'மெட்ரோலேண்ட்' என்று ஒரு சொல்லை உண்டாக்கியது. 1933இல் அந்தக் கம்பெனி பொது வாரியத்தில் கரைந்துவிட்டது. அடர்ஊதா நிறத்தில் வரைபடத்தில் ஓடும் ஒரு பாதைக்கு மட்டும் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

பாரிஸ் அந்தப் பெயரடையை வாங்கியபோது அதற்குள் ஒரு சண்டையையும் வைத்தது. ஊரின் பல திசைகளிலும் இருந்த பெரிய ரயில் நிலையங்களைச் சுரங்கத்தால் இணைத்துவிடவேண்டும் என்பது அரசின், பெரிய ரயில் கம்பெனிகளின் விருப்பம். நகராட்சிக்கோ நகர மக்கள் ஊருக்குள் போய்வர ஒரு ரயில் வேண்டும். வெளியூர் ரயில் எதுவும் அதற்குள் நுழையக்கூடாது. இழுபறி பல ஆண்டுகள் நடந்து, நகராட்சி வென்றது. 1898 மார்ச் 30இல் சட்டம் வந்தது. வெற்றியைக் கட்டுமானத்திலும் எழுதிவைத்தார்கள். சுரங்கங்களைக் குறுகலாகக் கட்டினார்கள். பெரிய ரயில்களின் பெட்டி உள்ளே புகாது. பிரான்சின் ரயில்கள் பொதுவாக இடப்பக்கம் ஓடும். மெத்ரோவை வலப்பக்கம் ஓடவிட்டார்கள். 'நகரத்துக்கு உரியது' என்ற பெயரடைக்கு இதைவிட அழுத்தமான உரை எழுத முடியாது. 1900 ஜூலை 19 அன்று, உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தபோது, முதல் பாதை போர்த் தெ வான்சேனிலிருந்து போர்த் மாயோ வரை திறந்தது.

கட்டியவர் ஃபுல்ஜான்ஸ் பியான்வெனு. முன்பு ஒரு ரயில்பாதைப் பணியில் நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர். அவர் பெயரை எழுத்துக்கூட்டிப் பார்த்தால் பிரெஞ்சில் 'நல்வரவு' என்ற சொல்தான். ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி மட்டும் கூடுதல். மோன்பார்னாஸ் நிலையத்தின் பெயர்ப்பலகையில் அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. அவரை அறியாத பயணிக்கு அது வரவேற்புப் பலகையாகவே படக்கூடும். அதுவும் பொருத்தம்தான்.

தாய்நகரம் என்பது உவமை இல்லை, உறவுமுறை. பழைய கிரேக்கத்தில் ஒரு நகரத்தார் கடல் கடந்து போய்ப் புது ஊர் கட்டினால், புறப்பட்ட நகரம் அந்தப் புது ஊருக்கு மேத்ரோபொலிஸ். சிசிலித் தீவின் சிராக்கூஸுக்குத் தாய் கொரிந்து. குடியேறப் போனவர்கள் தாய்நகரத்தின் பொது அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துக்கொண்டு போவது வழக்கம். புது ஊரின் அடுப்பு அந்த நெருப்பில் எரியும். இந்தப் பழைய பொருள் பிரெஞ்சில் வேறொரு வேடத்தில் உயிரோடு இருந்தது. குடியேற்ற நாடுகளிலிருந்து பேசும்போது பிரான்சை 'மெத்ரோபோல்' என்பார்கள். அல்ஜியர்ஸிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பிரெஞ்சு அதிகாரி கடிதம் எழுதியது அந்த மெத்ரோபோலுக்குத்தான். அங்கே அந்தத் தாய் அதட்டுகிற தாய்.

கிறிஸ்தவம் பரவியபோது சொல் கோயிலுக்குள் போனது. மாகாணத் தலைநகரில் இருந்த ஆயர், மற்ற ஊர் ஆயர்களுக்கு மேலே இருந்தார். அவரை மேத்ரோபொலித்தேஸ், தாய்நகரத்தார் என்றார்கள். சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்கள் அதைக் குறுக்கினார்கள். அந்தக் குறுக்கம் கடல் கடந்து மலையாளக் கரையில் இறங்கி 'மெத்ரான்' ஆனது. கேரளத்தில் ஆயரை இன்றும் மெத்ரான் என்கிறார்கள். மூத்தவருக்கு 'மெத்ராப்போலித்தா' என்ற முழுப்பட்டமும் உண்டு. கொச்சியில் மெட்ரோ ரயில் வந்தது 2017இல். அந்த ஊருக்கு அந்தச் சொல் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே வந்துவிட்டது.

தமிழுக்கும்தான். கத்தோலிக்கத் தமிழில் ஆயருக்கு முன்பு வழங்கிய சொல் மேற்றிராணியார். 'ஆயர்' என்ற தூய தமிழ்ச் சொல் பரவிய பிறகு இது கொஞ்சம் பின்னுக்குப் போயிற்று. பழைய ஜெபப் புத்தகங்களிலும் பெரியவர்கள் பேச்சிலும் இருக்கிறது. மேற்றிராணியாரும் மெட்ரோவும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று தெரிந்தபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மேற்றிராணி. மெட்ரோ. உள்ளே இருக்கும் மெய்க்கூட்டம் ஒன்றே: ஒரு வல்லோசையும் அதை அடுத்து ரகரமும். பழைய தமிழ்க் காது அதை அப்படியே ஏற்கவில்லை. டகர மெய்யை அடுத்து ரகரம் வருவதற்கு நம் இலக்கணத்தில் இடமில்லை. ஆகவே ஓசையை நம் 'ற்ற'வில் வாங்கி, நடுவில் ஓர் இகரத்தை விட்டு, மேற்-றி-ரா-ணி என்று நான்கு படியாக இறக்கிக்கொண்டது. படிகளில் கால் இடறாது. கேட்டால் நற்றிணை, கொற்றவை என்பவற்றோடு பிறந்த சொல் என்றே தோன்றும். பின்னால் வந்த மெட்ரோவுக்கு அந்த உபசாரம் நடக்கவில்லை. ட்+ரோ என்று முட்டிக்கொண்டே நிற்கிறது. நமக்கும் அந்த முட்டல் இப்போது பழகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. கிரேக்கத் தாயின் முதல் உயிர் நெடில். மேற்றிராணியில் நெடில் இருக்கிறது. மெட்ரோவில் குறில் ஆகிவிட்டது. இது தற்செயலாகவே இருக்கட்டும், மூத்தவர் தாயின் சாயலைக் கொஞ்சம் கூடவே வைத்திருக்கிறார்.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கத்து மேத்தேரும் வடமொழி மாத்ருவும் ஒரே வேரின் இரு கிளைகள். பொலிஸும் வடமொழியின் புர், புரி, புரம் என்ற கூட்டமும் அப்படியே. காஞ்சிபுரத்திலும் தருமபுரியிலும் கடைசியில் நிற்கிற அந்தத் துண்டுக்குத் தூரத்து உறவினன்தான் மெட்ரோவிலிருந்து உதிர்ந்த 'பொலி'.

மற்ற ஊர்கள் இந்த ரயிலுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் பள்ளத்தைப் பார்த்து வைத்தவை. 1896இல் திறந்த புடாபெஸ்ட் ரயிலுக்கு 'நிலத்தடி' என்றே பெயர். பெர்லினில் ஊ-பான், அந்த 'ஊ' நிலத்தடியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. நியூயார்க்கில் சப்வே. டோக்கியோவில் 'சிகாதெத்சு', நிலம், கீழ், இரும்பு என்று மூன்று எழுத்து. ப்யூனோஸ் ஐரிஸ்காரர்கள் 'சுப்தெரானியோ'வை 'சுப்தெ' என்று வெட்டினார்கள். பாரிஸ் வெட்டில் தாய் மிஞ்சினாள். ப்யூனோஸ் ஐரிஸ் வெட்டில் 'கீழே' என்பதும் அரைவாய் மண்ணும் மிஞ்சின. கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்று இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியபோது வங்காளிகள் வாயில் அது பாதாள ரயில் ஆனது. புராணத்தின் ஆழம் முழுவதையும் ஒரு டிக்கெட்டில் ஏற்றிவிட்ட பெயர். இந்த வகைப் பெயர்களில் எனக்கு அதற்கே முதலிடம்.

ஆனால் பள்ளத்தைப் பார்த்து வைத்த பெயருக்கு ரயில் மேலே ஏறியதும் சங்கடம் வந்துவிடுகிறது. லண்டன் அண்டர்கிரவுண்டின் பாதையில் பாதிக்கும் மேல் வெட்டவெளியில்தான் ஓடுகிறது. மெட்ரோவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அது மண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஊரைப் பற்றித்தான் சொன்னது. சென்னையில் 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை முதல் மெட்ரோ போனது முழுக்க முழுக்க உயர்பாதையில். சுரங்கத்துக்குள் பயணிகளோடு இறங்க 2017 மே 14 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆனாலும் பெயர் முதல் நாளில்கூடப் பொய்யாகவில்லை. சென்னைக்காரர்கள் தாமாக வைத்த பெயர் என்றால் அது பறக்கும் ரயில். 1995இல் கடற்கரையிலிருந்து தூண்களின் மேல் போனதற்கு வைத்தது. அண்ணாந்து பார்த்து வைத்த பெயர். அதன் அழகே வேறு.

சென்னையில் மெட்ரோ என்ற சொல் ரயிலோடு வரவில்லை. தண்ணீரோடு வந்தது. பெருநகர் குடிநீர் வாரியம் 1978இல் அமைந்தது; ஆங்கிலப் பெயரிலிருந்த மெட்ரோபாலிட்டன் குறுகி 'மெட்ரோ வாட்டர்' ஆயிற்று. 'மெட்ரோ தண்ணி வந்துச்சா?' என்று கேட்டுக்கொண்டு குடத்தோடு தெருமுனையில் லாரிக்குக் காத்திருந்த பெண்களுக்கு அந்தச் சொல் குடிநீர். குடிக்கக் கொடுப்பவள் என்ற பொருளில் தாய் அங்கே ஒரு நிமிடம் எட்டிப்பார்த்தாள் என்று நினைத்துக்கொள்கிறேன். வாரியத்தின் தமிழ்ப் பெயரில் அவள் இல்லை. 'மெட்ரோபாலிட்டன்' தமிழில் 'பெருநகர்' ஆனபோது தாய் போய் அளவு வந்தது. சரியான ஆட்சிச்சொல்தான், குறையில்லை. சிங்கப்பூர்த் தமிழர்கள் தங்கள் எம்ஆர்டிக்கு வைத்த 'பெருவிரைவு ரயில்' இன்னும் நன்றாக ஒலிக்கும். அதில் உறவுமுறை இல்லை, வேகம் இருக்கிறது.

பாரிஸ் மறந்த முழுச்சொல் ரஷ்யாவில் பத்திரமாக இருக்கிறது. 1935 மே 15 அன்று திறந்த மாஸ்கோ ரயிலின் ஆட்சிப் பெயர் 'மெத்ரோபொலித்தென்'. பிரெஞ்சுக்காரர்கள் மூக்கால் முடிக்கும் ஒலியை ரஷ்யர்கள் தெளிவான னகரமாக்கி நிறுத்திக்கொண்டார்கள். பேச்சில் அவர்களும் மெத்ரோதான். பாரிஸ் மெத்ரோ நிர்வாகம் மாஸ்கோவுக்குக் கிமாரின் வாசல் ஒன்றை அதே வார்ப்பில் செய்து அன்பளிப்பாகத் தந்தது. கீவ்ஸ்கயா நிலையத்தில் இருக்கிறது. ஒரே சொல் அங்கே பிரெஞ்சு எழுத்தில் வாசலிலும், ரஷ்ய எழுத்தில் ஆட்சிப் பெயரிலும்.

கடைசியில் சொல் கிரேக்கத்துக்கே திரும்பிவந்தது. ஏதென்ஸில் 1869இலேயே ஒரு நகர ரயில் ஓடத் தொடங்கி, 1904இல் மின்சாரத்துக்கு மாறியது. மக்கள் அதை 'இலெக்த்ரிகோஸ்', மின்சாரத்தார் என்றே அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். சுரங்கத்தில் புதுப் பாதைகள் 2000 ஜனவரியில் வந்தபோது அவற்றின் பெயர் 'மெத்ரோ'. அதை மேத்ரோபொலிஸிலிருந்து புதிதாகச் செய்துகொள்ளவில்லை, பிரெஞ்சிலிருந்து வாங்கினார்கள். அதற்குள் கிரேக்க உச்சரிப்பு வெகுதூரம் மாறிவிட்டது. பழைய நெடில் ஏகாரம் இகரமாகிவிட, தாய் இப்போது 'மித்தேரா'. தலைமைக் கோயில் 'மித்ரோபொலி'. பிரெஞ்சிலிருந்து வந்த சொல்லிலோ எகரம் அப்படியே இருக்கிறது. அதை ஈட்டா என்ற தாயின் எழுத்தால் எழுதாமல், எப்சிலான் என்ற குறில் எழுத்தால் எழுதுகிறார்கள். அப்படி எழுதியதும் அது அளவைக் குறிக்கும் பழைய 'மெத்ரோன்' குடும்பத்துச் சொல்போல ஆகிவிட்டது. இரண்டையும் பிரிப்பது அழுத்தக் குறி ஒன்றுதான்: முதல் அசையில் இருந்தால் மீட்டர், கடைசி அசையில் இருந்தால் ரயில். ஏதென்ஸில் மித்ரோபொலியோஸ் என்று ஒரு தெரு, தலைமைக் கோயிலின் பெயரில். அதன் ஒரு முனையில் சிந்தக்மா, மறு முனையில் மொனாஸ்திராக்கி. இரண்டுமே மெட்ரோ நிலையங்கள். தெருவின் பெயரில் இகரம், நிலையத்தின் பலகையில் எகரம்.

வேற்றுச்சொல் என்பதால் கிரேக்கர்கள் அதற்கு வேற்றுமை ஈறு எதுவும் சேர்ப்பதில்லை. தங்கள் சொற்களை வேற்றுமைதோறும் வளைக்கிறவர்கள் இதைத் தொடாமல் விட்டுவைக்கிறார்கள். ரஷ்யர்களும் அப்படியே. தமிழிலோ, கோவுக்கும் இல்லுக்கும் நடுவே வந்து கோவில் ஆக்கிய அந்த வகரம், இதற்கும் வந்தது. மெட்ரோவை, மெட்ரோவால், மெட்ரோவுக்கு, மெட்ரோவிலிருந்து, மெட்ரோவின், மெட்ரோவில்: ஓர் உருபும் பாக்கியில்லை.